விண்வெளிக் காவலனின் ஹெல்மெட் கண்ணாடி

எனக்கு நாற்பத்தாறு வயது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். அதாவது, மற்றவர்கள் வேர்த்து விறுவிறுத்துப் பற்றவைத்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, சரியில்லை என்று சாக்பீஸால் வட்டம் போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு அதே வேலையைப் பொம்மைகளுக்குச் செய்வேன். அதற்குச் சம்பளம் கிடையாது.

பொம்மை என்று சொல்லக் கூடாது. எங்கள் குழுவின் முதல் விதியே அதுதான். 'ஃபிகர்' என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்கு நம் ஊர்க் காலேஜ் வாசல்களில் வேறு அர்த்தம் இருப்பது விதி எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. "புது ஃபிகர் வந்திருக்காம், ஞாயித்துக்கிழமை போய்ப் பார்க்கணும்" என்று நான் ஒருநாள் போனில் சொன்னதை என் மனைவி கேட்டுவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எதற்கும் பதற மாட்டாள்.

"யாருங்க அது?" என்றாள்.

அரை அடி உயரம், பிளாஸ்டிக், கையில் துப்பாக்கி வைத்திருக்கும் என்று விளக்கினேன்.

"நெஜமாவே யாராவதா இருந்திருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். இத நான் எங்க போய்ச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

குழுவில் நாங்கள் பதினோரு பேர். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பாதிப் பேருக்குச் சர்க்கரை. மாதத்தின் முதல் ஞாயிறு தில்லை நகரில் எங்கள் தலைவரின் மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் கூடுவோம். அவரவர் ஃபிகரைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்போம். பெட்டியைப் பிரிக்க மாட்டோம், பிரித்தால் மதிப்புப் போய்விடும். ஆக, விளையாடக் கூடாத பொம்மையை, திறக்கக் கூடாத பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி போடாமல் எதையும் படிக்க முடியாத பதினோரு ஆண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். பேச்சு மட்டும் குழந்தைப் பருவத்தைப் பற்றி இருக்கும்.

போன வருடம் அந்த மாடிக்கு விண்வெளிக் காவலன் வந்தான். டிவியில் ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்த தொடரின் நாயகன். வெள்ளி நிற உடுப்பு, நீல ஹெல்மெட். அப்போது அவனைப் பொம்மையாகவும் விற்றார்கள். இப்போது ஏதோ ஒரு கம்பெனி, 'அதே பழைய அச்சில் வார்த்தது' என்று பெட்டியில் பொன் எழுத்தில் போட்டு மறுபடி இறக்கியிருந்தது. பெட்டியின் பின்பக்கம், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று எச்சரிக்கை. சிகரெட்டுக்கு அடுத்தபடியாகக் குழந்தைகள் தொடக் கூடாத பொருளாகப் பொம்மையும் ஆகிவிட்டது.

தலைவர் அதில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தார். நாலு ஊர்க் குழுக்களுக்கு விற்கிற யோசனை. அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

"நீங்கதான் இன்ஸ்பெக்டராச்சே. ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. ஒரிஜினல் வேற உங்ககிட்ட இருந்துச்சுன்னு சொல்லியிருக்கீங்க" என்றார்.

இருந்தது, வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டது என்று நான் குழுவில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தேன். நான் மட்டுமில்லை. ஒருவருடையதை மாமா பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒருவருடையது வெள்ளத்தில் போனது. பேங்க் மேனேஜர் ஒருவருடையதை நாய் கடித்துவிட்டது. பதினோரு ஒரிஜினல்களும் ஏதாவதொரு விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தன.

அறிக்கைக்காக ஒரு பெட்டியைப் பிரித்தாக வேண்டும். நான் பிளேடு வைத்தபோது தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்க்க முடியாதவர் மாதிரி.

காவலனை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கிடத்தினேன். அளவெடுக்கிற வெர்னியர், டார்ச், பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டேன். வலது தோள் மூட்டு லேசாக ஆடியது. இடது பூட்ஸில் கறுப்புப் பெயின்ட் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது. ஹெல்மெட்டின் நடுவே அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தழும்பு தடவினால் தட்டுப்பட்டது. முகத்தை மறைக்கிற ஹெல்மெட் கண்ணாடி ஹெல்மெட்டோடு ஒன்றாக வார்த்தது, அசையாது. முகர்ந்தால் புதுச் செருப்பு வாசனை வந்தது.

"என்ன வியாதி?" என்றாள் மனைவி, சாம்பார்ச் சட்டியை எங்கே வைப்பது என்று பார்த்தபடி.

"பழசோட ஒப்பிட்டுப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

"பழசும் இதே மாதிரி ஒரு பொம்மையாத்தான் இருந்திருக்கும்" என்றாள். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு நுட்பம் போதாது.

பழசு யாரிடம் இருக்கிறது என்று குழுவில் கேட்டேன். கூட்டத்தில் அதிகம் பேசாத ஒருவர், ரயில் ஓட்டும் லோகோ பைலட், அவர்தான் சொன்னார். மகளுக்குப் பல் காட்ட ஸ்ரீரங்கம் போனபோது உத்தர வீதியில் ஒரு பல் டாக்டரம்மாவின் மேசையில் அதைப் பார்த்தாராம். உடனே தலைவரிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி: "அவங்களுக்கு அதோட மதிப்புத் தெரியாது. பேசி வாங்கிடப் பாருங்க."

சனிக்கிழமை காலை காவலனைப் பையில் போட்டுக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வழக்கம்போல் வண்டி நின்று நின்று நகர்ந்தது. மதிப்பு அறியாத ஒரு பெண்மணியிடமிருந்து அரிய பொருளை எப்படி நயமாகப் பெறுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். 'உங்க பையனோட பழைய பொம்மையா?' என்று அலட்சியமாக ஆரம்பிப்பதாகத் திட்டம்.

கிளினிக்கில் எனக்கு முன்னால் திருவெள்ளறையிலிருந்து வந்த ஒரு அப்பாவும் ஆறேழு வயதுப் பெண் குழந்தையும். குழந்தை உள்ளே போக மாட்டேன் என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உள்ளே இருந்து டாக்டரே எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கழுத்தில் மாஸ்க். கையில் அவன்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். வெள்ளி நிறம் பாதி போய் உள்ளேயிருந்த சாம்பல் தெரிந்தது. ஒடிந்த வலது கையைப் பல் அடைக்கிற வெள்ளைப் பூச்சால் ஒட்டியிருந்தார்கள். அந்தக் கையில் துப்பாக்கிக்குப் பதிலாக, கைக்குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பிரஷ்ஷை வெட்டிச் சொருகியிருந்தார்கள். எங்கள் தலைவர் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கியிருப்பார்.

"இவனும் மொதல்ல வாயத் திறக்க மாட்டேன்னுதான் சொன்னான்" என்றார் டாக்டர் அந்தக் குழந்தையிடம். கட்டைவிரலால் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார். அது டக்கென்று திறந்தது. உள்ளே ஒரு முகம். ஈயென்று இளிக்கிற, வரிசையான பற்கள்.

குழந்தை அழுகையை நிறுத்தி, தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள். பிறகு பொம்மையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே பழைய அச்சு என்பது பச்சைப் பொய். அது பரவாயில்லை, பொன் எழுத்தில் போடுவதெல்லாம் அப்படித்தான். ஆனால் அந்தக் கண்ணாடி திறக்கும் என்பது எங்கள் பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட நினைவில்லையே. பூட்ஸின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று இரண்டு வாரம் சண்டை போட்டவர்கள் நாங்கள். கையில் வைத்திருந்த எந்தக் குழந்தையும் முதலில் கண்டுபிடிக்கிற விஷயம் அதுதான். இப்போது பார்த்தேனே, கைக்கு எட்டியதும் அந்தக் குழந்தையின் விரல் அங்கேதான் போனது.

என்னைப் பொறுத்தவரை காரணம் எனக்குத் தெரியும். என்னிடம் அந்தப் பொம்மை இருந்ததே இல்லை. பெரிய கடைவீதியில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அப்பாவோடு மளிகை வாங்கப் போகும்போதெல்லாம் அங்கே நின்று பார்ப்பேன். அப்பா ஒருமுறை விலை கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்து நடத்திக்கொண்டு போய்விட்டார். வீடு மாற்றினோம் என்பது உண்மை. தொலைப்பதற்குத்தான் எதுவும் இல்லை.

என் முறை வந்தது. உள்ளே போய், ஒத்திகை பார்த்தபடி ஆரம்பித்தேன்.

"உங்க பையனோட பழைய பொம்மைங்களா மேடம்?"

"எனக்குப் பையன் இல்லை. என்னோடது. அப்பா டூர் போயிட்டு வர்றச்சே வாங்கிண்டு வந்தார். அண்ணா தொடவே மாட்டான், பயப்படுவான். நான்தான் வெச்சுண்டு விளையாடுவேன்" என்றார். "நீங்க வாங்க வந்திருக்கேளா?"

திட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. "எப்படித் தெரியும்?" என்றேன்.

"மாசத்துக்கு ஒருத்தர் வரா. எல்லாருமே எனக்கு இதோட மதிப்புத் தெரியாதுன்னு நெனச்சுண்டு வரா. தெரியும். இத இங்க கொண்டு வரதுக்கு முன்னாடி மயக்க மருந்து குடுத்துத்தான் சில குழந்தைகளுக்குப் பல் பார்ப்பேன். சரி, நீங்க ஏன் ஒரு பக்கமாவே வாய வெச்சுண்டு பேசறேள்?"

கீழ்க் கடைவாய்ப் பல் நாலு மாதமாக வலித்துக்கொண்டிருந்தது. பாராசிட்டமால் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஊரார் வேலையில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பவன், சொந்த வாயில் இருந்த பள்ளத்துக்கு வட்டம் போடவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

"அந்தக் குழந்தையும் இப்படித்தான் சொன்னா. ஏறி உக்காருங்கோ."

ரூட் கெனால் என்றார். மரத்துப்போகிற ஊசியைப் பார்த்ததும் என் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. அப்பாவோடு வெளியே மருந்துச் சீட்டுக்காகக் காத்திருந்த அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து, கையிலிருந்த பழைய காவலனை என் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"புடிச்சுக்கங்க மாமா. வலிக்காது" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தான். ஊசி ஏறும்போது என் கட்டைவிரல் தானாகவே அந்தக் கண்ணாடியைத் தேடிப் போய் மேலே தள்ளியது. திறந்தது. மூடினேன். மறுபடி திறந்தேன். டாக்டர் வேலை முடிக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. "வலிக்கறதா?" என்று கேட்டார். வாய் நிறையப் பஞ்சு இருந்ததால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே கோணல் வாயோடு உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தோள் மூட்டு, பூட்ஸ் பெயின்ட், ஹெல்மெட் தழும்பு எல்லாம் எழுதினேன். பழைய அச்சு இல்லை, ஹெல்மெட் கண்ணாடி திறக்க வேண்டும், இதில் திறக்கவில்லை என்று எழுதினேன். மனைவி படித்துப் பார்த்தாள்.

"ஒங்ககிட்ட இருந்துச்சுன்னு சொன்னீங்களே, இது திறக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கடை அலமாரியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "அப்ப அதையும் எழுதிடுங்க. ரிப்போர்ட்னா முழுசா இருக்கணும்" என்றாள்.

எழுதினேன். குழுவில் போட்டேன்.

தலைவர்தான் முதலில் கூப்பிட்டார். "கண்ணாடி மேட்டர மட்டும் எடுத்துடுங்க சார். அது யாருக்கும் தெரியப்போறதில்ல."

"எனக்குத் தெரியுங்க" என்றேன்.

"ஒங்ககிட்ட ஒரிஜினலே இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ஒங்க ரிப்போர்ட்டுக்கு என்ன தகுதி இருக்கு?"

நல்ல கேள்வி. அதையே அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம், வாய் இன்னும் மரத்திருந்தது. சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார். நாய்மேல் பழி போட்ட பேங்க் மேனேஜர், நீக்குவதற்கு முன்பு கும்பிடு போட்ட படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஆதரவா, இரங்கலா என்று இன்றுவரை தெரியாது.

தலைவர் அத்தனை பெட்டியையும் விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வாங்கியவர்களில் யாரும் குறை சொல்லவில்லை. பெட்டியைப் பிரித்தால்தானே குறை தெரியும்.

நான் பிரித்த காவலனை, சரிசெய்த பல்லுக்குத் தொப்பி மாதிரி கேப் போடப் போன அன்று டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. "இவன் வாயையே திறக்க மாட்டானே. இவனை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். என் அறிக்கையைவிடச் சுருக்கமான மதிப்பீடு. அவன் இப்போது என் மனைவியின் மேசையில், திருத்தாத விடைத்தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க, மேலே குப்புறப் படுத்திருக்கிறான்.

இரண்டு வாரம் கழித்து லோகோ பைலட் போன் செய்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்.

"எங்கிட்டயும் இல்ல சார். பொன்மலையில பக்கத்து வீட்டுப் பையன் வச்சிருந்தான். அவன் தொட விட மாட்டான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக ஸ்ரீரங்கம் போனோம். அவருக்குப் பல்லில் ஒரு கோளாறும் இல்லை, இருந்தும் டோக்கன் போட்டுக்கொண்டார். வரவேற்பில் இருந்த பெண் பொம்மையை எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பயணிகளை வைத்துக்கொண்டு இரவும் பகலும் வண்டி ஓட்டுகிற மனிதர், ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்தும் மூடியும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"சார்" என்றாள் வரவேற்புப் பெண், தயங்கியபடி. "அங்க ஒரு பாப்பா ரொம்ப நேரமா அழுதுட்டிருக்கு. கொஞ்சம் குடுத்தீங்கன்னா."

"இதோ, ஒரே ஒரு தடவை" என்றார் அவர்.