சும்மா நடந்தவன்

இந்த நாட்டில் நடப்பதற்காகக் காரில் போகிறார்கள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. காட்டோரம் காரை நிறுத்துகிறார்கள், பூட்ஸ் மாற்றுகிறார்கள், மரங்களுக்குள் ஒரு சுற்றுப் போய்விட்டு அதே காருக்குத் திரும்பி வருகிறார்கள். கையில் பை இல்லை, பார்த்து வர ஆள் இல்லை. என்ன காரியமாகப் போனீர்கள் என்றால், நடந்ததுதான் காரியம். புதுக்கோட்டைப் பக்கமிருந்து படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்கள் ஊர் அரிமளத்திலேயே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எட்டாவதோடு நின்றவன் நான். திருப்பூர், மலேசியா, குவைத் என்று ஓரிடத்தில் கால் தரிக்காமல் அலைந்து, கடைசியில் இங்கே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தேன். குளிரறை வேலை. விடியுமுன் உள்ளே போனால் வெளிச்சம் போன பிறகுதான் வெளியே வருவோம். உடம்பு பழகிக்கொண்டது, மனசு பழகவில்லை. முதலில் தூக்கம் போனது, பிறகு பசி. ஒருநாள் ஒரு காலில் பூட்ஸை மாட்டியவன், மற்றதைக் கையில் பிடித்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த அறைத்தோழன் நான் அப்படியே இருப்பதைப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரையை எதிர்பார்த்துப் போனால், சனிக்கிழமைதோறும் ஒரு குழுவோடு போய் நட என்றார் டாக்டர்.

குழுவை நடத்தியவர் மொரீன் என்ற அம்மா. இவர்கள் என்னை நடத்தியே ஏதோ மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கப்போகிறார்கள் என்று நினைத்து, முதல் நாள் பையில் கைலி, துண்டு, சோப்பு எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். சோப்பைப் பார்த்த மொரீன், “ஏரியில் குளிக்கப்போகிறாயா? தண்ணீர் உயிரை எடுக்கும்” என்றார். “எவ்வளவு நாள் உள்ளே வைத்திருப்பீர்கள்?” என்று கேட்டேன். “மழை வந்தால் சீக்கிரம் திரும்பிவிடலாம்” என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

டாக்டர் எதிரே உட்கார்ந்து கேட்டபோது எனக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. பக்கத்தில் நடந்து வருகிறவரிடம், கண் பாதையில் இருக்க, வாய் தானாகத் திறந்தது. என் உடைந்த இங்கிலீஷுக்கு மொரீன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். ஈர இலை வாசம், காலடியில் சேறு, முகத்தில் தூறல். வேறொன்றும் செய்யவில்லை. சில வாரங்களில் பசித்தது. பிறகு தூங்கினேன். இங்கே அவதிப்படும் நம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடிய வைத்தியம் இது ஒன்றுதான்: டாக்டரைப் பாருங்கள், வெளியே இறங்கி நடங்கள், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

ஊரில் இதைச் சொன்னது ஒருவரிடம் மட்டும்தான். என் அக்கா. போனில் அழுதது. “நடடா தம்பி, நல்லா நட. ஓம் மருமக கல்யாணத்துக்குத் தெம்பா வந்து மாலையைப் போடு” என்றது. மணவறைக்கு வரும் பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கு ஒரே மகள், உடன்பிறந்தவன் நான் ஒருத்தன். அந்த மாலைக்காகத்தான் லீவு கேட்டு வாங்கினேன். மொரீனிடம்கூடப் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன்.

அரிமளம் வந்தும் நடையை விடவில்லை. காலையில் தைலமரக் காட்டோரம் செம்மண் பாதையில் இறங்குவேன். ஆனால் அங்கே ஒருவனை நடக்க விடுவார்களா? பின்னால் வரும் பைக்கெல்லாம் நின்றது.

“ஏறுங்கண்ணே, எங்கிட்டுப் போகணும்?”

“இல்லப்பா, சும்மா நடக்குறேன்.”

“சும்மாவா? வண்டி பஞ்சரா?”

இன்னொருவர், “வீட்ல சண்டையா மாப்ள? அதுக்கு வெயில்ல நடந்தா ஆச்சா?” என்றார். எல்லாம் பாசம்தான். பாசத்துக்குப் பதில் சொல்லி மாளாமல் ஒருநாள், தெரிந்தவரான முத்துக்கருப்பன் வண்டியில் ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை மெதுவாக்கினார்.

“தப்பா நெனைக்காதீங்க. வெளிநாட்ல ஒங்களுக்கு மண்டைக்கு வைத்தியமாம்ல? மாப்ள வீட்டுக்காரவுக காதுக்குப் போயிருச்சு. பொண்ணுக்கும் வருமோன்னு பயந்திருக்காக.”

“யாரு சொன்னா?”

“ஒங்க அக்காதான் எங்க வீட்ல சொல்லி அழுதுச்சு. அப்புறம் மாப்ள ஊரு வல்லத்திராக்கோட்டைக்கே போயி, நீங்க கூடப்பொறந்தவரு இல்ல, பெரியம்மா மகன்னு சொல்லிச் சமாளிச்சிருக்கு. மாலைய ஒங்க சித்தப்பா மகன் போடுறாராம்.”

இறங்கி நேரே வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

“என்னைய யாருன்னு சொன்ன?”

“தெனமும் ரோட்டுல அலைஞ்சா ஊரு என்ன சொல்லும்? நான் எத்தனை வாயை அடைக்கிறது?”

“நடக்கச் சொன்னதே நீதானக்கா.”

“அங்க நடக்கச் சொன்னேன். இங்கயா நடக்கச் சொன்னேன்?” வெங்காயத் தட்டைத் தள்ளிவைத்தது. “எம் மக வாழ்க்கைடா. ஒனக்கு என்ன, நீ ஏறிப் போயிருவ.”

கல்யாணத்தன்று பந்தலில் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகன் மாலையோடு ஏறினான். மருமகள் தலை குனியாமல் கூட்டத்தில் யாரையோ தேடினாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா கை கூப்பி வந்தார். “நீங்க பொண்ணோட அம்மாவுக்குப் பெரியம்மா மகன்தானுங்களே? நல்லாச் சாப்பிடுங்க.”

“ஆமாங்க” என்றேன். ஒரே வார்த்தை. அக்கா ரசவாளிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

அயர்லாந்து திரும்பியதும் வந்த சனிக்கிழமை மொரீன் கேட்டார், “பூமாலை போட்டாயா?” இல்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் நடந்தார். சுற்று முடிந்து எல்லோரும் காருக்கு வந்தோம். எனக்குக் கார் கிடையாது. மொரீன்தான் கொண்டுபோய் விடுவார். கதவைத் திறந்து ஏறச் சொன்னார். நடந்தே போகிறேன் என்றேன். “நல்லது” என்று சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு புறப்பட்டார். எங்கே, என்ன, வீட்டில் சண்டையா என்று ஒரு கேள்வி இல்லை. இப்படி விட்டால் போதும் என்றுதான் ஊரில் கிடந்து தவித்தேன். ஆனாலும் அந்தக் கார் ஒருமுறை நின்று கேட்காதா என்று வளைவு திரும்பும்வரை அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.