ஏழாவது வளைவில் நியூட்ரல்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் அந்தக் காரில் ஒரு முறை சிறுமலை இறங்கிப் பாருங்கள். சாவியை நானே தருகிறேன்.

போன மாசி, ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணன் அன்புமணி கொடுத்த ஆட்டோமேட்டிக் கார் அது. அவனுடைய மாமனார் ஓட்டியது. அவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபிறகு, "வண்டி தங்கம் மகேசு, கண்ண மூடிட்டு ஓட்டு" என்று சாவியை என் கையில் வைத்தான். கூடப்பிறந்தவன் சொன்னால் சந்தேகப்படுவோமா?

மாலை 4.50. மலையிலிருந்து திண்டுக்கல்லுக்கு இறங்கினேன். பின்சீட்டில் என் ஏழு வயது மகள் தமிழ்நிலா. இறக்கம் முழுக்கப் பிரேக்கையே மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அதனால் கியரை 'எல்'லில், அதாவது இறக்கத்துக்கான லோ கியரில் போட்டேன். எஞ்சின் உறுமியது. அப்படி உறுமினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். வேகம் 20ஐத் தாண்டவில்லை.

5.06. உறுமல் நின்றது.

பார்த்தால் கியர், சமதரையில் ஓட்டும் 'டி'யில் இருக்கிறது. என் கைதான் பட்டிருக்கும் என்று திரும்ப 'எல்'லில் போட்டேன்.

டக்... மறுபடி 'டி'.

டக்... நியூட்ரல்.

20... 35... 50. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். தீய்ந்த வாடை. பிடிக்கவில்லை.

கியரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. என் கைமேல் இன்னொரு கை... சில்லென்று.

"அம்மா, யாரும்மா உன் கையப் புடிச்சிருக்கா?"

ஐயோ, என் பிள்ளை!

ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தேன். கிர்ர்ர்... பாறையில் உரசி, ஓர வாய்க்காலில் இறங்கி நின்றது. பக்கத்தில் '7' என்று வளைவுப் பலகை. மணி 5.09.

பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டி மோதிவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன்.

"ஏழாவது வளைவா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கெப்படித் தெரியும்?"

"மாமா அட்டாக்ல சாகல மகேசு. அங்கதான் வண்டி மோதி... பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல எப்பவும் நியூட்ரல்லதான் விடுவாரு."

"ஏண்ணே, தெரிஞ்சேவா எனக்குக் குடுத்த?"



"எனக்கும் ரெண்டு தடவ கையப் புடிச்சு நியூட்ரலுக்குத் தள்ளுனாரு. வீட்டுல சின்னப் புள்ளைக இருக்கு... அந்த வண்டிய நான் எப்படி வச்சுக்கிறது?"