மாலைக்கண் குளிசையில் வந்த பதில்

1990ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் என் மகள் ஜெசிந்தா சாகப்போகிறாள் என்று நான் நம்பிவிட்டேன். அவளுக்கு மூன்று வயது. தூக்கினால் ஈரத்துணியைத் தூக்குவது போல இருந்தாள். சகோதரங்களே, அதற்கு முன்பு நான் செபித்ததெல்லாம் வாய்ச் செபம். வயிற்றிலிருந்து செபிக்க நான் பழகியது அந்த மாதத்தில்தான்.

நாங்கள் கொழும்புத்துறை ஆட்கள். என் கணவர் அருளப்பு கடற்தொழிலாளி. சண்டையில் வீட்டுக்குப் பக்கத்தில் செல் குண்டு விழுந்த அன்று வள்ளத்தையும் வலையையும் கரையிலேயே விட்டுவிட்டு உரும்பிராய்க்கு ஓடினோம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் தந்தார்கள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். ஊர்த் தோட்டக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கும் வெங்காயமும் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். ஆனால் மீன் இல்லை, பால் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு ஒன்றுமில்லை.

அந்த நெரிசலுக்குள் சின்னமுத்து என்கிற அம்மை நோய் வந்தது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், மறுநாள் பக்கத்துப் பாயில் இருந்த பிள்ளைக்கு. உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. ஜெசிந்தா கைக்குழந்தையாக இருந்தபோதும் சண்டைதான். தடுப்பூசி போடக் கொண்டுபோக முடியவில்லை. எங்களோடு அதே வகுப்பறையில் பரமேஸ்வரி என்ற அக்கா இருந்தா. சைவக்காரர், தோட்டக் குடும்பம். அவவின் இளைய மகன் அந்த நோயில் போய்விட்டான். அவனை எடுத்துப்போன அன்று பின்னேரம்தான் ஜெசிந்தாவுக்கு உடம்பு கொதித்தது.

முதலில் இருமல். பிறகு மூச்சு விடும்போது விலாப்பக்கம் உள்ளே குழிந்தது. கண் திறக்கவில்லை. என் கணவர் சைக்கிளை மிதிக்க, நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு பின்னால் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்ட்டில் கட்டில் இல்லை. நிலத்தில் பாய் போட்டுக் கிடத்தினோம். அங்கே ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை, நெற்றியில் திருநீறும் பொட்டும். அவ ஒளித்துக் கதைக்கவில்லை. "அம்மா, நெஞ்சிலை சளி கட்டிப்போட்டுது. இருக்கிற மருந்தைக் குடுக்கிறன். ஆனா மருந்து காணாது. பாதை பூட்டு, இனி மருந்துக் கப்பல் வந்தால்தான்" என்றா.

அன்றிலிருந்து என் செபம் முழுக்கக் கப்பல்தான். "ஆண்டவரே, கப்பலை அனுப்பும். மாதாவே, கப்பலை அனுப்பச் சொல்லும்." செபமாலை உருட்டி உருட்டி விரல் நொந்தது. கப்பல் வரவில்லை. வந்த கப்பல் திரும்பிவிட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றுகொண்டு, ஆட்கள் பார்க்கப் பார்க்க, ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். "உமக்குக் கப்பல் இல்லாட்டி வேறை வழி தெரியாதோ?" என்று கத்தினேன். என் கணவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலை டொக்டர் வந்து ஜெசிந்தாவின் இமையை விரலால் விலக்கினா. குனிந்து உற்றுப் பார்த்தா. கண் வறண்டு, மங்கிப்போய் இருந்தது.

"காய்ச்சல் வர முந்தி, பொழுதுபட்டாப் பிள்ளை தட்டுத் தடுமாறினவளோ?"

"ஓம் டொக்டர். பானையிலை இடறி விழுறவள். விளக்கு இல்லாததாலை எண்டு நினைச்சம்."

"அது மாலைக்கண் அம்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறென்று போனா. கண் வார்ட்டு அலுமாரியில் இருந்து ஒரு டப்பாவோடு திரும்பி வந்தா. உள்ளே எண்ணெய் நிரம்பிய சின்னச் சின்னக் குளிசைகள்.

"உது மாலைக்கண்ணுக்குக் குடுக்கிற விற்றமின். வேறை நாடுகளிலை சின்னமுத்து வந்த பிள்ளையளுக்கு உதைக் குடுக்கக் கனபேர் தப்பியிருக்கினம் எண்டு வாசிச்சனான். நான் இன்னும் அப்பிடிக் குடுத்துப் பாக்கேல்லை. நீங்கள் ஓமெண்டால் குடுப்பன்."

எனக்கு விளங்கவில்லை. "கண்ணுக்குக் குடுக்கிற மருந்து நெஞ்சுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"இந்தச் சத்து குறைஞ்சாக் கண் மட்டுமில்லை, நெஞ்சுக்குள்ளை இருக்கிற மெல்லிய தோலும் பழுதாப் போகும். பிறகு கிருமிக்குக் கதவு திறந்த மாதிரித்தான். உது கிருமியைக் கொல்லாது அம்மா. பிள்ளை நிண்டு பிடிக்கப் பெலன் குடுக்கும்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர், "திரேசா, ஓமெண்டு சொல்லு" என்றார். நான் ஓம் என்றேன். டொக்டர் குளிசையின் முனையை வெட்டி, எண்ணெயை ஜெசிந்தாவின் நாக்கில் பிழிந்தா. மறுநாளும் ஒருக்கால்.

அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு கப்பலைக் கேட்டேன். ஆண்டவரோ அந்த மருந்தை முன்னமே கொண்டுவந்து அடுத்த வார்ட்டில் வைத்திருந்தார். அதைக் கண்டுபிடிக்கிற புத்தியை அந்த டொக்டர் பிள்ளைக்குக் கொடுத்தார்.

காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. விலாக் குழிவது நின்றது. ஒரு விடியற்காலையில் ஜெசிந்தா கண்ணைத் திறந்து, "அம்மா, கஞ்சி" என்றாள். என் கணவர் சுவருக்குத் திரும்பி நின்று அழுதார். அந்த வார்ட்டில் எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள் என்று நான் சொன்னால் பொய். பிழைக்காத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்காக இன்றும் செபிக்கிறேன்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அடுத்த நாள் டொக்டர் அந்த டப்பாவோடு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. ஒருவரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. "அம்மாள் வந்திருக்கேக்கை மருந்து குடுக்கப்படாது" என்றார்கள். பரமேஸ்வரி அக்காவின் மூத்த மகனும் அப்போது காய்ச்சலில் கிடந்தான். நான் ஜெசிந்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவவின் பாயடிக்குப் போனேன்.

"திரேசா, உன்ரை மாதா உன்ரை பிள்ளையைக் காப்பாத்திப்போட்டா. எனக்கு ஆர் இருக்கினம்?" என்று அவ அழுதா.

"அக்கா, நான் கேட்டது மாதாவிட்டை. ஆனா மருந்து தந்தது உந்த டொக்டர் பிள்ளை. நெத்தியைப் பாருங்கோ, உங்கடை சைவம். உங்கடை அம்மாள்தான் அனுப்பினாவோ, ஆர் கண்டது?"

அவ டொக்டரின் நெற்றியைப் பார்த்தா. பிறகு மகனின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தா. "அம்மாள் கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும். குடுங்கோ பிள்ளை."

அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையையும் நாங்கள் சின்னமுத்துக்குக் கொடுக்கவில்லை. பரமேஸ்வரி அக்காவின் மகன் முற்றத்தில் பந்தடித்ததை என் கண்ணால் கண்டேன்.

டொக்டர் மற்ற முகாம்களுக்குப் போனபோது, "அம்மா, நீங்களும் வாங்கோ, நான் சொன்னாக் கேக்கினமில்லை" என்றா. போனேன். நானும் பரமேஸ்வரி அக்காவும். தோளில் ஒரு செஞ்சிலுவைப் பட்டியும் இல்லை, கையில் ஒரு படிப்பும் இல்லை; ஆனாலும் தலை நிமிர்ந்து அந்த டொக்டருக்குப் பக்கத்தில் நடந்தேன். கொழும்புத்துறைக் கடற்கரைப் பெண் ஒருத்தி சொன்னதைக் கேட்டுத் தாய்மார் பிள்ளைகளின் வாயைத் திறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை. பெருமைப்படுவது பாவமா என்று எங்கள் கோயில் பாதரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஆண்டவர் செய்ததிலை பெருமைப்படு" என்றார். நான் அப்படியே செய்கிறேன்.

இப்போது ஜெசிந்தாவுக்கு எட்டு வயது. வருகிற ஞாயிறு பூசையில் முதல் நன்மை, முதல் நற்கருணை வாங்குகிறாள். கண் நல்ல வெளிச்சம். ஊசிக்கு நூல் கோத்துத் தருவது அவள்தான். நீங்கள் எல்லோரும் பூசைக்கு வாருங்கள். உங்களில் யாருக்காவது பிள்ளை சுகமில்லாமல் கிடந்தால், வழியெல்லாம் அடைபட்டது போல இருந்தால், தனியே இருந்து அழாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள், கோபம் வந்தால் கோபத்தோடும் கேளுங்கள், அவர் தாங்குவார். எந்தப் பக்கத்தால் பதில் வரவேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால்தான். வந்து கூப்பிடுங்கள். உங்களோடு முழங்காலில் இருந்து செபிப்பேன். பிறகு எழும்பி, உங்களோடு ஆஸ்பத்திரிக்கும் வருவேன்.