கொழுந்தனாரின் மயில்கழுத்து இஞ்சின்

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள் அம்மணி, ஒளிக்க ஒன்றுமில்லை. இந்த ஆலன் ஊரில் அந்த மூலை வீட்டில் ஒரு பெரியவர் காரை வெயிலில் நிறுத்திவிட்டு கராஜுக்குள் பொம்மை ரயில் விடுகிறாராம், எழுபது தாண்டிவிட்டதாம், கல்யாணமும் இல்லையாம், தலையில் ஏதோ கோளாறாம் என்று கோயிலில் பிரசாத வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால்தான் நின்றார்கள். நான் திரும்பி, "அவரு என்ற கொழுந்தனாருங்க. தலை நல்லாத்தான் இருக்குது, காருதான் சூடாயிருது," என்று சொல்லிவிட்டு, புளியோதரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தக் கொழுந்தனாருக்கு நாளை வருஷத் திதி. அதற்குப் போடும் நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் சொல்ல வேண்டும் என்று மகன் பிடிவாதமாக இருக்கிறான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சமையலறையில் வேலை செய்துகொண்டே சொல்கிறேன், மருமகள் நல்ல தமிழாக மாற்றி லேப்டாப்பில் அடிக்கிறாள். சாயங்காலத்துக்குள் பிரிண்ட் கடைக்கு அனுப்பியாக வேண்டுமாம்.

கொழுந்தனார் ஈரோட்டுக்குப் பக்கம் பவானியில் பிறந்தவர். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனபோது காலேஜில் படித்துக்கொண்டிருந்தார். மேல்படிப்புக்கு அமெரிக்காவில் இந்த டெக்சஸுக்கு வந்தார், வேலையும் இங்கேயே கிடைத்தது. தகப்பனார் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று இப்போது கேட்கிறார்கள். கேட்க வேண்டிய வயதில் அவர் பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.

முதல் வருஷம் தண்டவாளத்தை ஒட்டி ஒரு அறையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலேஜ் விட்டால் திங்கட்கிழமை வரை வாயைத் திறக்க வேலை இருக்காதாம். சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு சரக்கு ரயில் போகும். முன்னால் டீசல் இஞ்சின். நெற்றியில் சந்தன நிறப் பட்டை. உடம்பு நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. அதன் டிரைவர் ஜன்னலில் இருந்து கை காட்டுவார்.

"இந்த ஊர்ல எனக்குக் கை காட்டுன மொத ஆளு அந்த இஞ்சின்தானுங்க அண்ணி," என்பார்.

டிரைவர் என்று சொல்ல மாட்டார், இஞ்சின் என்றுதான் சொல்வார்.

பிறகு அந்த ரயிலை ஓட்டின கம்பெனியே இல்லாமல் போனது. வாங்கியவர்கள் எல்லா இஞ்சினுக்கும் கறுப்பு அடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கராஜில் இருக்கும் பொம்மை இஞ்சின்கள் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். அப்படி இல்லை. முதலில் பட்டை அகலம், பிறகு பெயிண்ட் மிச்சம் பிடிக்கக் குறுக்கிவிட்டார்கள், கடைசியில் பட்டையே கிடையாது. அவர் சொல்லிச் சொல்லி, நம்பர் படிக்க வராத நானே பட்டையை வைத்து எந்தக் காலத்து இஞ்சின் என்று சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் என்னை இங்கே கூட்டி வந்தான். சித்தப்பாவும் தனியாக இருக்க வேண்டாம் என்று அவரையும் அழைத்துக்கொண்டான். காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பேத்தியிடம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை வரும், அதற்குள் கார் போய்விடும். பிறகு கிச்சனில் நான், கராஜில் அவர். நடுவில் உள்ள கதவு திறந்தே இருக்கும். பேச்சு அதிகம் இருக்காது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பது தெரியும், அவ்வளவுதான். கதவைத் தட்டாமல் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. "அண்ணி, ஸ்டவ் சும்மா இருக்குதுங்களா?" என்றால் காபி வேண்டும் என்று அர்த்தம்.

ஆலனுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில், ரிட்டயர் ஆன சில வெள்ளைக்காரர்கள் அந்தக் கம்பெனியின் இஞ்சின் ஒன்றைக் காப்பாற்றி ஒரு ஷெட்டில் வைத்திருந்தார்கள். வால்டர் என்கிற தாடிக்காரர்தான் பெரியவர். சனிக்கிழமைதோறும் கொழுந்தனார் அங்கே போவார். அதற்குப் பழையபடி பெயிண்ட் அடிப்பது என்று முடிவானபோது சண்டை வந்தது. பழைய போட்டோவில் நீலம். கறுப்பைச் சுரண்டிப் பார்த்தார்கள், கீழேயும் நீலம். இவர் ஒருத்தர்தான் நீலம் இல்லை என்றார். "போட்டோவை நம்பறதா, உன் ஞாபகத்தை நம்பறதா?" என்று வால்டர் கேட்டாராம். எல்லோரும் நீலத்துக்குக் கை தூக்கிவிட்டார்கள். அன்றைக்கு வந்து சாப்பிடாமல் படுத்தவர், அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்கேயும் போகவில்லை.

அந்த வருஷமே அவருக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த அவசரத்தில், பின்பக்க வேலியில் காயப்போட்ட என் மயில்கழுத்துச் சேலையை மறந்துவிட்டேன். வேலியில் துணி காயப்போடக் கூடாது என்று காலனிக்காரர்களிடம் இருந்து லெட்டர்கூட வந்ததாம். ஒரு வாரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர், நான் சேலையை மடிப்பதைப் பார்த்தார்.

"ஏனுங்க அண்ணி, ரெண்டு சேலைங்களா அது?"

"ஒண்ணுதான் தம்பி. மேல் மடிப்பை வெயில் குடிச்சிருச்சு. மயில்கழுத்துல இருக்கற மஞ்சள்தான் மொதல்ல ஓடும். நீலம் கடைசி வரைக்கும் நிக்கும்."

என் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தவர். இதெல்லாம் எங்களுக்குப் பேச்சோடு பேச்சாகத் தெரிந்த விஷயம். ஆனால் கொழுந்தனார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க அண்ணி."

சொன்னேன். சொல்லும்போதே எனக்கும் புரிந்துவிட்டது. கறுப்பு அடிப்பதற்கு முன்பே அந்த இஞ்சினில் மஞ்சள் ஓடியிருக்கும், போட்டோவும் அதற்குப் பிறகு எடுத்ததாக இருக்கும்; வெயில் பட்ட இடத்தைச் சுரண்டி என்ன பிரயோஜனம்? சேலைக்கு உண்மையான நிறம் தெரிய வேண்டும் என்றால் கரையை மடித்துத் தைத்த இடத்தைப் பிரித்துப் பார்ப்போம். இஞ்சினுக்கு மடித்துத் தைத்த இடம் எது என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, பக்கவாட்டில் திருகி வைத்த இரும்புத் தகடு ஒன்று உண்டு, அதைக் கழற்றாமல்தான் சுற்றிலும் கறுப்பு அடித்திருப்பார்கள் என்றார்.

மருமகள் லீவு போட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் ஒரு பை நிறைய ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டேன். கொலுவுக்கும் நோன்புக்கும் வீடு வீடாகப் போய் வாங்கின தாம்பூலத் துணி. யாரும் தைப்பதில்லை, வந்த துணியை அடுத்த வீட்டுக்கு வைத்துக் கொடுப்போம். அதனால் இல்லாத நிறம் கிடையாது.

கொழுந்தனாரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். வால்டர் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த அழுக்கை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஏதோ சொன்னார். "கருநீலம்ங்கறாரு," என்றார் கொழுந்தனார்.

"ஈரத்துல பாத்தா எல்லாம் கருப்பாத்தான் தெரியும். காயட்டும்னு சொல்லுங்க தம்பி."

காய்ந்தது. நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பையை வால்டரிடம் கொடுத்துவிட்டு இஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அவர் ஒவ்வொரு துணியாகத் தகடு இருந்த இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். நீலம் எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு, ஒரு துணியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கொழுந்தனார் முன்னால் போய் நின்றார். தாடிக்குள் என்னமோ முணுமுணுத்தார்.

கொழுந்தனார் அந்தத் துணியை வாங்கி என்னிடம் நீட்டினார். அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது.

"அண்ணி, இதென்ன நெறமுங்க?"

"மயில்கழுத்து."

"நெசமாத்தானுங்களா? எனக்கோசரம் சொல்லலையே?"

"தம்பி, சோத்துல உப்பு போட்டேனான்னு கேளுங்க, பொய் சொல்லுவேன். நெறத்துல சொல்ல மாட்டேன்."

வரும் வழியெல்லாம் அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிறகுதான் தெரிந்தது, பெயிண்ட் கலக்க அது வால்டருக்கு வேண்டுமாம். பாதியாகக் கிழித்துக் கொடுத்தனுப்பினோம்.

முதல் பூச்சு அடித்த அன்றைக்கு வால்டர் போட்டோ அனுப்பினார். கொழுந்தனார் மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தார். மருமகள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பார்த்துவிட்டு, "காஞ்சப்புறம் ஒண்ணு அனுப்பச் சொல்லு கண்ணு," என்றார். அது காய்வதற்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்துவிட்ட கேரள நர்ஸம்மாவுக்கும், பத்து நாள் எங்களை அடுப்புப் பற்றவைக்க விடாத பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களுக்கும், வால்டருக்கும் அவர் ஆட்களுக்கும் நாங்கள் என்ன செய்துவிட முடியும்? நாளைக்கு அவசியம் சாப்பிட வாருங்கள்.

போன மாதம் அந்த இஞ்சினை ஓட்டினார்கள். ஷெட்டில் இருந்து கேட் வரைக்கும்தான், கால் மைல் இருக்கும். என்னைக் கேட் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். சந்தனப் பட்டையோடு, அகலமான பட்டை, மயில்கழுத்து வெயிலில் மின்ன வந்தது. ஜன்னலில் இருந்து வால்டர் கை காட்டினார். நானும் காட்டினேன். தம்பிக்காக என்று நினைத்துத்தான் காட்டினேன். வீட்டுக்கு வந்து, ஆள் இல்லாத கராஜைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தோன்றியது, இந்த ஊரில் எனக்குக் கை காட்டின முதல் ஆளும் அதுதான்.

சரி கண்ணு, இதோடு நிறுத்திக்கொள். உளுந்து ஊறி வெகு நேரமாகிவிட்டது. இப்போது ஆட்டி வைத்தால்தான் காலைக்குள் மாவு பொங்கும். வால்டர் எட்டு இட்லி சாப்பிடுவார். அந்த கராஜ் கதவை மட்டும் சாத்தாதே, திறந்தே இருக்கட்டும்.