நகக்கண்ணில் நின்ற சாயம்

என் நண்பர் ஆறுமுகம் எழுதி அடித்துவிட்ட வரியொன்றைக் கண்டவருள் இன்று எஞ்சியிருப்பவன் நானாகத்தான் இருக்கும். என்னுடன் அதுவும் போய்விடலாகாது என்றே இதனை எழுதுகிறேன்.

சென்ற வாரம் அவர் மறைந்தார். நினைவு மலருக்கென்று அவர் மகள் தேன்மொழி, கைபேசி நொடியில் ஆக்கித் தந்த இரங்கலுரையைக் கொணர்ந்தாள். பிழை தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"அப்பா இதுல இல்லீங்க, பெரியப்பா" என்றாள்.

அவள் வந்தமர்ந்தபோது மேலாடையிலிருந்து புதுப் பின்னல் துணியின் வாடை எழுந்தது. அவ்வாடை என்னைக் காதர்பேட்டைப் பின்னலாடை நிறுவனமொன்றின் பழைய மாடியறைக்கு இழுத்துச் சென்றது. அங்கே நான் எழுத்தர். ஆறுமுகம், மாதிரி ஆடை தைப்பவர். 'சாம்பிள்' என்றால்தான் ஊரார்க்கு விளங்கும். 'மாதிரி' என்று நான் அழைத்தால் எவரும் திரும்பியும் பாரார். முதல் ஆடையை அவர் கைக்குக் கிடைத்த துணியில் தைப்பார். ஒரு கை சிவப்பு, மறு கை மஞ்சள். கோணலை எல்லாம் அதில் கண்டறிந்த பின்னரே நல்ல துணியில் கத்தரி படும்.

நாங்கள் இருவரும் ஒரு கையெழுத்து இதழ் நடத்தினோம். முதல் தொடரே செம்மையாக வரவேண்டுமென்று நான் பேனாவைக் கடித்தபடி அமர்ந்திருப்பேன். அவரோ வெட்டுமேசைத் தாளின் பின்புறத்தில் அடித்தும் திருத்தியும் நிரப்பிக்கொண்டே போவார்.

"ஏனுங்க புலவரே, பேனாவத் தின்னு முடிச்சாச்சுங்களா? மொதல்ல கொட்டீருங்க. வெட்டறதுக்குத்தான் கத்திரி இருக்குதே."

அவர் தம்பி கந்தன் சாயப்பட்டறையொன்றின் கழிவுத்தொட்டியைத் தூய்மை செய்ய இறங்கி, மூச்சடைத்து மாண்டான். அவனைப் பற்றி ஆறுமுகம் எழுதிய தாள் என் கண்முன் நிற்கிறது. நடுவில் ஒரு வரி; அடித்திருந்தார். ஓரத்தில் அதையே மீண்டும் எழுதி, மீண்டும் அடித்திருந்தார்.

'குளிப்பாட்டையில நகக்கண்ணுல நீலம் போகலை. அம்மா தேச்சுக்கிட்டே இருந்தா.'

"இருக்கட்டுமே" என்றேன்.

"அம்மா படிக்கச் சொல்லிக் கேக்குமுங்க. வேண்டாமுங்க."

இதழுக்கான செம்மைப்படியில் அவ்விடத்தில் 'ஆற்றொணாத் துயர்' என்று அமர்ந்தது. அவ்விதழ் இன்றும் என் பேழையில் உள்ளது. தேன்மொழிக்கு அதை எடுத்துக் கொடுத்தேன். படித்து முடித்து, "சித்தப்பாவப் பத்தி யாரோ மேடையில பேசறாப்பல இருக்குதுங்க" என்றாள். அடிபட்ட வரியைச் சொன்னேன். அவள் அப்பாயி, ஆறுமுகத்தின் அம்மா, இறந்து ஆண்டுகள் பலவாயின. இனி எவருக்காக மறைப்பது? அவள் நெடுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதையே போடுங்க, பெரியப்பா."

அந்தத் தாள் இன்றில்லை. துணி வெட்டுக்கழிவோடு மூட்டையில் ஏறிப் போயிற்று. மாடியறையும் இல்லை. மாதிரி ஆடை இன்று திரையிலேயே உருவாகி, திரையிலேயே திருத்தம் பெறுகிறது. கைக்கொரு வண்ணச் சட்டைகள் ஆணியில் தொங்குவதில்லை. ஆறுமுகமும் இல்லை.

ஆகவே நினைவிலிருந்தே அவ்வரியை இம்மலரில் வைத்தேன். நீலம் என்றுதான் எழுதினாரா, பச்சை என்றா என்பதில் எனக்கு இன்னும் ஐயமுண்டு. அறிந்தவர் எவரேனும் இருப்பின் திருத்துக. திருத்துங்கால், என் சொல்லைச் சுரண்டி நீக்காது, அதன்மேல் ஒரு கோடு மட்டும் இட்டு அருகே எழுதுக. கோட்டின் அடியில் இருப்பதும் தெரியட்டும்.