சில்வர் மரத்தில் எங்கள் கட்சிக் கலர்

எங்கள் ஊருக்கு பஸ் வராததற்கு ஒரே காரணம், வந்தால் திரும்ப இடமில்லை என்பதுதான். செம்மநத்தம் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கிருந்து நடை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒரு சாயங்காலம் பாதையில் காட்டெருமை நிற்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, "இனி பள்ளிக்கூடம் போகலம்மா, உன்கூட எஸ்டேட்டுக்கே வந்துடறேன்" என்றாள். பஸ் வந்துவிடும், இந்த மாதம் மட்டும் போ என்று கெஞ்சித்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பஸ் திரும்பத் தோதான இடம் ஒரு மலை விவசாயியின் காப்பித் தோட்டத்து ஓரம். அவர் எங்களுக்கு எதிர்க்கட்சியில் கிளைச் செயலாளர். நான் எங்கள் கட்சியில் மகளிர் அணி. தேர்தலுக்குத் தேர்தல் ஒண்டிக்கடை முக்கில் எதிரெதிரே மைக் பிடித்துத் தொண்டை கட்டக் கத்தியவர்கள் நாங்கள். எங்கள் ஆட்கள் போய்க் கேட்டதற்கு, "ஒரு அடி கூடத் தர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். "பாத்தீங்களா கட்சிப் புத்திய!" என்று எல்லோரும் குதித்தார்கள். நானும்தான் குதித்தேன். மறியல் என்று முடிவானது.

மறியலுக்கு இடம் பார்க்கப் போனபோதுதான் அதைக் கண்டேன். தோட்டத்து ஓரத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் பளிச்சென்று எங்கள் கட்சிக் கலரில் ஒரு பட்டை. எஸ்டேட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்குக் கணக்குப் பார்க்கும் ரைட்டர் பெயிண்டால் அடையாளம் வைப்பார். அந்தப் பழக்கத்தில் எங்கள் ஆட்கள், இடம் கேட்பதற்கு முன்பே, சுவர் விளம்பரத்தில் மிஞ்சிய பெயிண்டை எடுத்துப் பூசியிருக்கிறார்கள். அடப்பாவிகளா! என் வாசல் கதவில் அவர் கட்சிக் கலரைப் பூசியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

மறுநாள் மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாகத் தனியாகப் போனேன். "ஏனுங்க, மொதல்ல இதை அழிச்சுப்போடறனுங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "மெதுவாங்க, பட்டை உரிஞ்சிரப் போவுது" என்று அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இடம் குடுத்தா உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்று கேட்டேன்.

"இந்த மரம் போனா நெழல் போச்சுங்க. கீழ இருக்கிற காப்பி பூராக் கருகிரும். அதை நம்பித்தானுங்க எங்க ஊட்டுல அடுப்பெரியுது. யாராச்சும் அதக் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. மரம் நிற்கட்டும், வேறெங்கே பஸ் திரும்பலாம் என்று அவரிடமே கேட்டேன். தோட்டத்தைச் சுற்றி நடந்து, கீழ்ப்பக்கம் கொய்யா நின்ற மூலையைக் காட்டினார். "இங்க எடுத்துக்குங்க." எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

முதல் பஸ் வந்த சாயங்காலம் ஊரே கூடிவிட்டது. "வரட்டும், வரட்டும், ரைட்டுல ஒடிங்க" என்று டிரைவருக்குக் கைகாட்டியவர் அவர்தான். ஒரே வளைப்பில் வண்டி திரும்பியதும் இரண்டு கட்சிக்காரர்களும் கைதட்டினார்கள்.

"இதுக்காக ஓட்டு மட்டும் கேட்டுறாதீங்க" என்றார் என்னிடம்.

"போங்க, கேட்டாப் போட்டுருவீங்களாக்கும்!" என்றேன். நொம்ப நேரம் சிரித்தோம்.

என் மகள் புத்தகப் பையோடு இறங்கினாள். இறங்கியவள் என்னைக்கூடப் பார்க்காமல் டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணா, காலைல எத்தன மணிக்கு எடுப்பீங்க?" என்று கேட்டாள்.