பத்தாயிரம் விளையாட்டுகளில் ஒன்று

காரைக்குடி செக்காலை ரோட்டில் பாண்டிமுருகன் வைத்திருக்கும் செல்போன் ரிப்பேர் கடையில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் இடமிருக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடைக்கு இருந்த மவுசே வேறு. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வருகிறவர்கள், கையில் வைத்து விளையாடும் கேம் மிஷின்களை வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். அதற்கு ஒரு கேமை முறையாக வாங்கப் போனால் ஒரு மாத மளிகைச் செலவு ஆகிவிடும். பாண்டிமுருகனிடம் கொடுத்தால் மறுநாள் மெமரி கார்டு நிறைய கேம் ஏற்றித் தருவான்.

மிஷினின் பூட்டை உடைக்கும் வித்தையை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. ரஷ்யாக்காரனும் ஸ்பெயின்காரனும் இணையத்தில் எழுதி வைத்ததை அரைகுறையாகப் புரிந்துகொண்டு, இரண்டு மிஷின்களைப் பாழாக்கி, மூன்றாவதில் கற்றுக்கொண்டான். பிறகு கை துணிந்துவிட்டது. பழைய சிறிய கேம்களில், முதலில் வரும் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'பாண்டி மொபைல்ஸ், காரைக்குடி' என்று போட ஆரம்பித்தான். தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும்கூட அந்தப் பெயர் சுற்றியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவன் மனைவி நீலாயதாட்சி கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை பார்த்தாள். காலையில் டவுன் பஸ்ஸில் போய் மாலையில் திரும்புவாள். முப்பத்தாறு வயதில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் இடது கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும்.

"வலது கை சும்மாதான கெடக்கு. எதாச்சும் குடுங்களேன், செய்றேன்" என்றாள் ஒருநாள்.

அவன் கடையில் கிடந்த ஒரு கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்தான். எட்டுக் கட்டத்துக்கு எட்டுக் கட்டம். வெள்ளை, லேசான பென்சில், அழுத்தமான பென்சில், கறுப்பு மை என்று நாலே நிறம். பழைய காலத்து மிஷின்களின் திரையில் அந்த நாலுதான் தெரியும், அதற்குள் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று சொல்லிக்கொடுத்தான். பொழுது போகட்டும் என்றுதான் கொடுத்தான். அவள் முதலில் ஒரு புறா வரைந்தாள். அடுத்த வாரம் ஒரு கதவு. அதற்கடுத்து, தான் பெருக்கித் துடைத்த வீட்டின் தூண்களும் தரையில் பதித்த பூக்கல்லும் ஒவ்வொன்றாக வந்தன.

மதிய நேரத்தில் கடையில் ஆள் இருக்காது. அப்போது அவன் அந்தப் படங்களைக் கட்டம் கட்டமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். உடைத்துப் பார்த்த கேம்களின் வழியாகவே, ஒன்றை எப்படிக் கட்டுவது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. மழை வருவதற்குள் ஒரு பெண் சாவிக்கொத்துடன் போய், பூட்டிக்கிடக்கும் வீட்டின் இருபத்தேழு அறைகளையும் திறந்து, உள்ளே அகப்பட்ட புறாக்களை வெளியே விட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். 'சாவிக்கொத்து' என்று அவளே எழுத்தை வரைந்தாள்.

மூன்றாவது வருஷம், ஆட்டம் தொடங்கும்போது வரும் முதல் படத்தை வரைய வேண்டியிருந்தது.

"உங்க பேரைப் பெருசாப் போடவா?"

"ரெண்டு பேர் பேரும் போடு. உன் பேரு மேல இருக்கட்டும்."

"ஏங்க, நீங்க கடைப்பேர் போடுறீகளே, அந்த கேம்ல எல்லாம் முன்னாடி யாரு பேரு இருந்துச்சு?"

"யாராச்சும் ஜப்பான்காரன் பேரா இருக்கும். எனக்கு எங்க படிக்கத் தெரியுது" என்று சொல்லி அவன் சிரித்தான்.

கடைசி நாலு அறைகளை வரைய அவளுக்கு ஏழு மாதம் ஆனது. விரல் மரத்துப்போய்ப் பென்சில் நழுவியது. இருபத்தேழாவது அறையை முடித்த பதினோராம் நாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே மூச்சு வாங்கி, ஆட்டோவிலேயே இறந்துபோனாள்.

ஒரு வருஷம் அவன் அந்த நோட்டைத் தொடவில்லை. பிறகு ஒருநாள் எடுத்து, மீதி வேலையையும் முடித்து, சிறிய கேம்களை விற்கும் ஒரு தளத்தில் குறைந்த விலை வைத்துப் போட்டான். முதல் ஆறு மாதத்தில் நாற்பது பேர் வாங்கினார்கள். அப்புறம் யாரும் வாங்கவில்லை. போகட்டும், எங்கோ நாற்பது வீட்டில் அவள் பெயர் வெளிச்சத்தோடு வருகிறது என்று இருந்துவிட்டான்.

இரண்டு வருஷம் கழித்து, கழனிவாசல் பக்கமிருந்து அஜீஸா என்ற பெண் ஒரு மிஷினைக் கொண்டுவந்தாள். அவள் கணவர் அப்துல் மாலிக் துபாயில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நசுங்கி, ஊருக்கு வந்து படுக்கையில் இருந்தார். உடன் வேலை பார்த்தவர்கள் வாங்கிக்கொடுத்து அனுப்பிய மிஷின் அது. பத்தாயிரம் கேம் உள்ளேயே ஏற்றி வருகிற, பேர் தெரியாத சீனச் சரக்கு. சார்ஜ் ஏறவில்லை.

சார்ஜர் செருகும் ஓட்டையைச் சுத்தம் செய்து புது பின் வைத்துப் பற்றவைத்தான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடைசியாக விளையாடியதைத் திறந்தான். திரையில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது.

முதல் படத்தில் அவர்கள் இரண்டு பேர் பெயரும் இல்லை. அந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு கடையின் இணைய முகவரி இருந்தது. தலைப்பும் 'பேலஸ் கீ' என்று மாறியிருந்தது. அழித்தவன் அவசரத்தில் அழித்திருக்கிறான். 'நீ'யின் மேல்சுழி மட்டும் ஓரத்தில் கறுப்பாக மிச்சமிருந்தது.

"என்னண்ணே, ரிப்பேர் ஆகலையா?"

"ஆயிருச்சும்மா."

"பெறகு ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?"

"இந்த கேம் நானும் என் வீட்டுக்காரியும் செஞ்சது."

அஜீஸா திரையை எட்டிப் பார்த்தாள். "இதத்தான் அவுக விடிஞ்சதுலேர்ந்து நோண்டிக்கிட்டிருக்காக. சீனாக்காரன் மிஷின்ல காரைக்குடி கேமா? சும்மா வெளாடாதீகண்ணே" என்று சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு இணையத்தில் தேடினான். பிரேசிலில் ஒருவன் அந்த கேமைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். முதல் படத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் சுழி தாய்லாந்து எழுத்தா, கன்னடமா என்று கீழே வாதம் நடந்தது. போலந்தில் ஒரு பெண், மழை ஆரம்பிக்கும் இடத்தில் அழுகை வருகிறது என்று எழுதியிருந்தாள். செய்தவர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது.

மிஷின் விற்கும் கடைக்கு எழுதினான். பதில் வரவில்லை. மறுபடி எழுதினான், அந்த முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. ஒரு வக்கீலிடம் போனான். எந்த ஊர்க் கோர்ட்டில், யார் மேல் கேஸ் போடுவது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மனைவியின் தம்பி செல்வத்திடம் புலம்பியபோது அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். கடைசியில் சொன்னான்: "அக்கா பேரை அழிச்சவன எனக்கும் வெட்டணும்போலத்தான் இருக்கு மச்சான். ஆனா நீங்க பண்ணாததா?"

அன்று மாலை பாண்டிமுருகன் பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து, தன் கடைப்பேர் போட்டுக்கொடுத்த கேம்களைப் பார்த்தான். நூறுக்கு மேல் இருந்தன. அவற்றில் ஆறேழுக்குத்தான் பழைய முதல் படத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. வரிசையாக ஆள் பெயர்கள். அதில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தது. மற்றவற்றில் யார் இருந்தார்கள் என்று இனி அவனால் தெரிந்துகொள்ளவே முடியாது. அதற்குப் பிறகு கடையில் கேம் ஏற்றிக்கொடுப்பதை நிறுத்திவிட்டான். வாடிக்கைக்காரர்கள் இரண்டு கடை தள்ளிப் போனார்கள்.

கட்டம் போட்ட நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, தெரிந்த ஆங்கிலத்தில் அந்த இணையக் கூட்டத்துக்கு எழுதினான். சிலர் ஆதாரம் போதாது என்றார்கள். போலந்துப் பெண் நம்பினாள். ஒரு தளத்தில் மட்டும் 'தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டார்கள், அதுவும் எழுத்துப் பிழையோடு. மிஷின்களோ பெட்டி பெட்டியாக வந்துகொண்டேதான் இருந்தன.

கடைசியில் அவன் ஒரு காரியம் செய்தான். முதல் படத்தில் இருந்தால்தானே பெயரை அழிக்கிறார்கள் என்று, இருபத்தேழு அறைச் சுவர்களிலும், பூக்கல்லுக்கு நடுவிலும் அவள் பெயரை அவள் எழுத்திலேயே பதித்தான். அறைகளின் அளவையே அதற்காக மாற்றினான். அதை விலையில்லாமல், திருட்டு கேம்கள் பரிமாறும் இடங்களிலெல்லாம் அவனே கொண்டுபோய்ப் போட்டான். எடுப்பதென்றால் இதை எடுத்துத் தொலையட்டும் என்று நினைத்தான். ஒன்றரை வருஷமாகிறது. ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு சீன மிஷினையும் திறந்து பார்க்கிறான். எல்லாவற்றிலும் அந்தப் பழைய, சுழி மட்டும் மிச்சமிருக்கிற பிரதிதான். யாரையும் கேட்காமல் அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு அனுப்புவான்.

போன மாதம் அஜீஸா அதே மிஷினை மறுபடி கொண்டுவந்து, பேட்டரி மாற்றி வாங்கிக்கொண்டு போனாள். அதிலும் அவன் புதியதைப் போட்டுத்தான் கொடுத்திருந்தான். மூன்றாம் நாள் அப்துல் மாலிக்கே வந்துவிட்டார். இரண்டு பக்கமும் கம்பு ஊன்றி, ஆட்டோவிலிருந்து இறங்கி, கடைப்படியில் மூச்சு வாங்க நின்றார்.

"தம்பி, என் கேம் மொதல்லேர்ந்து வருதே. இருபத்தஞ்சு ரூம் தொறந்து வச்சிருந்தேன்."

பாண்டிமுருகன் ஸ்டூலை நகர்த்திப் போட்டு அவரை உட்காரவைத்தான். நடந்ததைச் சொன்னான். மிஷினை வாங்கி முதல் அறையைத் திறந்து சுவரைக் காட்டினான்.

அப்துல் மாலிக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "நீலாயதாட்சி... அஜீஸா சொன்னா, நாந்தான் நம்பல. இருக்காகளா?"

"இல்லங்க. இதை முடிச்சதோட போயிட்டா."

அவர் ஆட்டத்துப் பெண்ணை அறைக்கு வெளியே கொண்டுபோய், திரும்ப உள்ளே கொண்டுவந்து, அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிஷினை மேஜைமேல் வைத்தார்.

"தப்பா எடுத்துக்கிறாதீக தம்பி. ஒன்பது மாசம் மல்லாக்கப் படுத்துக்கிட்டு ஒவ்வொரு கதவாத் தொறந்தேன். அதுதான் நான் அப்போ பாத்த வேலை. திரும்ப மொதல்லேர்ந்து வர எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் பழசையே போட்டுக் குடுத்துருங்க."

"புதுசுல கடைசி ரூம்லயே கொண்டாந்து விட்டுர்றேன்."

"நான் தொறந்ததா ஆகாதுல்ல."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு பாண்டிமுருகனால் மறுக்க முடியவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கைப் பார்த்த நாளிலிருந்து, எதையும் அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவன் வழக்கம். அதைத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றினான். இருபத்தைந்து கதவும் திறந்திருந்தன. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அப்துல் மாலிக் மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கம்புகளை ஊன்றி எழுந்தார். படியிறங்க அவருக்குத் தோள் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, பாண்டிமுருகன் அடுத்த போனைக் கழற்ற ஆரம்பித்தான்.